மினிக்காய் செல்லும் வழியில்

2025ஆம் ஆண்டு மே மாதத்தின் பிற்பகுதி. மாலைச் செபமாலை முடிந்து, ஆலயக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் படியருகே நின்றுகொண்டிருந்தார். கையில் கைப்பேசி.

“சாமி, இதப் பாருங்க.”

நியூயார்க் நகரின் புரூக்ளின் பாலம். அதன் அருகே விளக்குகள் ஒளிரும் ஒரு பாய்மரக் கப்பல். மெக்சிகோ நாட்டுக் கடற்படையின் பயிற்சிக் கப்பலான ‘குவாத்தெமோக்’ அது. மே 17ஆம் நாள் இரவு அக்கப்பல் பின்னோக்கி நகர்ந்து பாலத்தில் மோதியது. மூன்று மரங்களின் உச்சியும் குச்சி முறிவதுபோல் முறிந்தன. பாய் தாங்கும் குறுக்குக் கட்டைகளில் சீருடையோடு அணிவகுத்து நின்ற மாணவர்கள் கயிறுகளைப் பற்றிக்கொண்டு அந்தரத்தில் தொங்கினார்கள். 277 பேர் இருந்த கப்பலில் இருவர் இறந்தனர். உலகமே பார்த்த காட்சி. நானும் முன்பே பார்த்திருந்தேன்.

“எம் புள்ள ஏறப்போறதும் இந்த மாதிரிக் கப்பல்தானாமே, சாமி?”

‘ஆம்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. “அது வேறு நாடு அம்மா, வேறு கப்பல்” என்றேன். அது பதிலாகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைப்பவர். ஒரு வாரம் காலைப் பணி, மறு வாரம் பிற்பகல், அதற்கடுத்த வாரம் இரவு. ஞாயிறு திருப்பலியில் அவர் கண்ணயர்ந்தால் அது இரவுப் பணி வாரம் என்று நான் கணக்கு வைத்துக்கொள்வேன். அந்த வாரங்களில் மறையுரையைச் சுருக்கிக்கொள்வதும் உண்டு. மனைவி பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவர். ஏரியும் கடலும் பார்த்து வளர்ந்தவர். திருமணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தபோது, ‘இனி தண்ணீர் பயமில்லை’ என்று அவருடைய தாய் சொன்னாராம்.

2011ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். இந்த மாவட்டத்தில் அந்த நாளை அறியாதவர் இல்லை. விழா நாளை மகிழ்ந்து கழிக்க வந்தவர்கள் அவர்கள். அன்று நான் வேறொரு பங்கில் இருந்தேன். நள்ளிரவுத் திருப்பலியும் காலைத் திருப்பலியும் முடித்து, உண்டு படுத்து எழுந்த நேரத்தில் செய்தி வந்தது. மாட்டுத் தொழுவக் குடிலின் வண்ண விளக்குகளை யாரோ அணைத்துவிட்டார்கள். யார் சொல்லி அணைத்தார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. அதன்பின் இப்பகுதித் தாய்மார் பலர் பிள்ளைகளைப் படகில் கால் வைக்கவே விடவில்லை. இந்தத் தாயின் மகனுக்கு அப்போது எட்டு வயது. விடுமுறைக்குத் தாய்மாமன் வீடு சென்றாலும் கரையிலேயே இருக்கவேண்டும் என்பது கட்டளை.

அப்படி வளர்ந்த பிள்ளைதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கடற்படைக்கு விண்ணப்பித்தான். 2021ஆம் ஆண்டு அது. நுழைவுத் தேர்வு எழுதி, நேர்காணலுக்கும் அழைப்பு வந்துவிட்டது. தாய் என்னிடம்தான் ஓடிவந்தார். “நீங்க சொன்னா கேப்பான் சாமி.”

நான் சொன்னேன். என் தவறு தொடங்கும் இடம் இதுதான்.

பீடச் சிறுவனாக எனக்குத் துணைசெய்தவன். என்னை மறுத்துப் பேசாதவன். அவனை அமர்த்தி, அரை மணி நேரம் அறிவுரை சொன்னேன். பெற்றோருக்கு ஒரே மகன் என்றேன். இங்கேயே தொழிற்சாலைகள் இருக்கின்றன, பொறியியல் படித்தால் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்றேன். பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் பற்றிய இறைவார்த்தையையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அவன் தலைகுனிந்து கேட்டான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்: “ஃபாதர், நீங்க போட்ல போயிருக்கீங்களா?”

“போயிருக்கிறேன்” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

பூந்தமல்லிக் குருமடத்தில் நான் படித்த காலம். 1993 என்று நினைவு. உடன் பயின்றோர் பதினைந்து பேர் பழவேற்காட்டுக்கு உலா சென்றோம். அக்காலத்தில் எரியில் பாய் விரித்த படகுகள் தாராளமாக ஓடும். நடு ஏரியில் காற்று ஓங்கியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாய்மரப் படகு காற்றில் சாய்வது இயல்பு என்று இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது. நண்பர்கள் கூச்சலிட்டு மகிழ்ந்தார்கள். நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மனத்தாபச் செபத்தை முதலிலிருந்து முடிவுவரை சொல்லி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். ஒன்றும் நேரவில்லை. கரை சேர்ந்தோம், மீன் குழம்பு உண்டோம், திரும்பினோம். ஆனால் அந்நாள் முதல் நான் படகில் ஏறியதில்லை. கடலோரப் பங்குகளில் திருவிழாவின்போது படகில் ஏற அழைப்பார்கள். தலைவலி, முதுகுவலி என்று ஏதேனும் ஒரு வலி எனக்கு வந்துவிடும். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அந்தப் பிள்ளையிடமும் சொல்லவில்லை. என் பயத்துக்கு அறிவுரை என்ற உடையை உடுத்தி அவன் முன் நிறுத்தினேன்.

அவன் தந்தையிடம் போய்க் கேட்டிருக்கிறான். இரவுப் பணி முடித்து வந்து, காலை உணவின்போது அவர் சொன்னாராம்: “உலையடியில நிக்கறதுக்குக் கடல் மோசமில்ல. போ.” போய்விட்டான். கேரளத்தின் எழிமலையிலுள்ள இந்தியக் கடற்படைக் கல்விக் கழகத்தில் நான்காண்டுப் படிப்பு. அதன்பின் கடற்பயிற்சி. அதில் ஒரு பகுதிதான் பாய்மரக் கப்பல்.

மே மாதத்து அந்த மாலைக்குப் பின், இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. இக்கப்பல்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இந்தியக் கடற்படைக்குப் பயிற்சிக்கென இரு பெரும் பாய்மரக் கப்பல்கள் உள்ளன. 1997இல் பணியில் சேர்ந்த ‘தரங்கிணி’, 2012இல் சேர்ந்த ‘சுதர்சினி’. இரண்டும் கோவாவில் கட்டப்பட்டவை. இரண்டுக்கும் தாய்த்துறைமுகம் கொச்சி. நீளம் 54 மீட்டர், மூன்று மரங்கள், இருபது பாய்கள். தரங்கிணி 2003 – 2004 ஆண்டுகளில் உலகையே சுற்றி வந்திருக்கிறது. சுதர்சினி 2012 செப்டம்பரில் கொச்சியிலிருந்து புறப்பட்டு, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் துறைமுகங்களைத் தொட்டு, 2013 மார்ச்சில் திரும்பியது. இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியின் ‘அமெரிகோ வெஸ்பூச்சி’ 1931 முதல் மாணவர்களைச் சுமக்கிறது. ஜெர்மனி, சிலி, இந்தோனேசியா என்று பல நாடுகள் இன்றும் தம் இளம் அதிகாரிகளைப் பாய்மரக் கப்பலில் ஏற்றித்தான் கடலைக் கற்பிக்கின்றன.

தேடியவன் வேறொன்றையும் கண்டேன். 1957 செப்டம்பர் 21ஆம் நாள், ‘பாமிர்’ என்ற ஜெர்மானியப் பாய்மரச் சரக்குக் கப்பல் அட்லாண்டிக் கடலில் சூறாவளியில் சிக்கி மூழ்கியது. அதிலிருந்த 86 பேரில் பிழைத்தவர் அறுவர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சி மாணவர்கள். ஆகவே அந்தத் தாயின் அச்சத்தை ‘அறியாமை’ என்று தள்ளிவிட எனக்கு உரிமையில்லை. நள்ளிரவுக்குமேல் கைப்பேசியை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த தைப் பொங்கலையொட்டிப் பையன் விடுப்பில் வந்தான். வெயிலில் கறுத்து, தோள் அகன்றிருந்தான். உள்ளங்கைகள் தந்தையின் உள்ளங்கைகளைப் போலக் காய்த்திருந்தன. பங்குமனையின் திண்ணையில் இரண்டு மாலைகள் அமர்ந்து பேசினான். பெற்றோரும் உடனிருந்தார்கள். கப்பலின் பெயரையும் உடன் சென்றவர்களையும் விட்டுவிட்டு, அவன் சொன்னதில் என் நினைவில் நின்றதை எழுதுகிறேன்.

பயிற்சியில் அவன் மனத்தில் ஆழமாகப் பதிந்தது கொச்சியிலிருந்து மினிக்காய்த் தீவுக்குச் சென்ற பயணம். இலட்சத்தீவுகளில் தென்கோடியில் இருப்பது மினிக்காய். கொச்சியிலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர். இயந்திரக் கப்பலுக்கு ஓரிரவுப் பயணம். காற்றை நம்பிச் செல்லும் கப்பலுக்கு இரண்டு இரவுகள். மார்கழி மாதம், வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும் காலம். விடியலுக்கு முன், நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் கரைக்காற்றில் துறைமுகத்தைக் கடந்தார்களாம். “எங்க அண்ணன் அந்தக் காத்துலதான் வலைக்குப் போகும்” என்று தாய் இடைமறித்தார். அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருந்தவர் பேசிய முதற் சொல் அதுதான்.

கரை மறைந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியைப் பற்றி அவன் நெடுநேரம் பேசினான். கப்பல் என்றால் அதிர்வும் இரைச்சலும் என்று பழகியிருந்தவனுக்கு, நீர் உரசும் ஒலியும் கயிறுகளின் முனகலும் மட்டும் கேட்டது வியப்பாயிருந்ததாம். எங்கள் கும்மிடிப்பூண்டியில் ஆலைகளின் ஒலி நின்றால்தான் உறங்குகிறவன் விழித்துக்கொள்வான். அவனுக்கும் அன்று அப்படித்தான் ஆயிற்று, முதல் ஓய்வு நேரத்தில் உறக்கமே வரவில்லை. பிறகு கடல் நோய். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே செல்கிறது. தட்டு சரிகிறது, படுக்கை சரிகிறது, வயிறும் சரிகிறது. இதற்கு மருந்தாக அவர்களுக்குச் சொல்லப்படுவது இரண்டே: காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு தொடுவானத்தைப் பார், வேலையைச் செய். புனித சவேரியார் லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வர பதின்மூன்று மாதங்கள் ஆயின என்பதும், அதில் இரண்டு மாதங்கள் கடல் நோயால் வாடினார் என்பதும் எனக்கு நினைவு வந்தன. சொன்னேன். “ரெண்டு மாசமா!” என்று அந்த இளைஞன் சவேரியார்மீது முதன்முறையாக உண்மையான மரியாதை கொண்டான்.

ஒரு நாளை நான்கு நான்கு மணி நேரக் காவல்களாகப் பிரித்து, மாணவர்களைக் குழுக்களாக்கி மாற்றி மாற்றி நிறுத்துவார்கள். மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள காவலை மட்டும் இரண்டாக உடைத்து, இரண்டிரண்டு மணி நேரமாக வைப்பார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஆலைத் தொழிலாளியான தந்தை உடனே சொன்னார்: “ஒரே ஆளுக்குத் தினமும் நடுராத்திரி வேலை வந்துடக் கூடாதுல்ல சாமி. ஷிப்ட் சுத்தணும்.” அதுதான் காரணம். வேதாந்த விளக்கமெல்லாம் படித்த எனக்கு எட்டாதது, வாரந்தோறும் பணி நேரம் மாறி உறக்கம் கெட்டவருக்கு எட்டியது. அந்தக் கணத்தில் மகனும் தந்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் மறக்கமாட்டேன்.

கப்பலில் முதற்பாடம் கயிறுதான். நூற்றுக்கும் மேற்பட்ட கயிறுகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி முளை. பாயை ஏற்றுவது ஒன்று, இறக்குவது ஒன்று, அதன் மூலையை இழுப்பது ஒன்று, குறுக்குக் கட்டையைத் திருப்புவது ஒன்று. இருட்டில் கையால் தடவியே இன்ன கயிறு என்று சொல்லவேண்டும். தவறான கயிற்றை அவிழ்த்தால் மேலே இருப்பவனுக்கு ஆபத்து. இழுக்கும்போது பத்துப் பேர் ஒரே மூச்சில் இழுக்கவேண்டும். ஒருவன் குரல் கொடுக்க மற்றவர் சேர்ந்துகொள்வார்கள். நம் கடற்கரையின் ‘ஏலேலோ’தான் வேறு மொழியில்.

சுக்கான் பிடிக்கும் முறை வந்தபோது, திசைகாட்டியின் முள்ளையே முறைத்துப் பார்க்காதே என்றார்களாம். பார்த்துக்கொண்டே இருந்தால் முள்ளைத் துரத்திக் கப்பல் பாம்புபோல் வளையும். பாயின் ஓரத்துக்கு அருகே ஒரு விண்மீனைத் தேர்ந்துகொள். அது அங்கேயே நிற்கும்படி கப்பலைச் செலுத்து. விண்மீன் நகர்ந்துவிடும், ஆகவே சிறிது நேரம் கழித்து வேறொன்றைத் தேர்ந்துகொள். துருவ மீனின் உயரத்தைச் செக்ஸ்டன்ட் என்ற கருவியால் அளந்து, தாம் எந்த அட்சரேகையில் இருக்கிறோம் என்று கணக்கிட்டார்கள். நம் சோழமண்டலக் கடலோடிகள் இதையே ‘இராப்பலகை’ என்னும் சிறு மரப்பலகையாலும் அதில் கட்டிய முடிச்சுக் கயிற்றாலும் செய்தார்கள் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். செயற்கைக்கோள் வழிகாட்டியும் கப்பலில் இருக்கிறது. இருந்தும் ஏன் இது? “அது நின்னுபோனா என்ன செய்வேன்னு கேக்கறாங்க, ஃபாதர்.”

முதல் இரவு பெருங்கப்பல்கள் செல்லும் வழியைக் குறுக்கே கடந்தார்கள். மினிக்காய்க்கு வடக்கே உள்ள ஒன்பது டிகிரிக் கால்வாய் உலகின் எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் இடையறாது செல்லும் நெடுஞ்சாலை. பாய்விரித்த கப்பலுக்கு இயந்திரக் கப்பல் ஒதுங்கி வழிவிடவேண்டும் என்பது பன்னாட்டுக் கடற்சட்டம். சட்டம் அதுதான்; ஆயினும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது கப்பல் தலைவரின் கட்டளை. நம் சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையை மிதிவண்டியில் கடப்பவர்களுக்கு இது விளங்கும்.

இனி அவன் சொல்லத் தயங்கிய பகுதி. முதல் மாலையில் இதைத் தொடவேயில்லை. இரண்டாம் மாலையில், பேச்சு ஓய்ந்திருந்தபோது, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

துறைமுகத்தில் கட்டியிருந்தபோதே மரமேறும் பயிற்சி தொடங்கிவிட்டது. மரம் முப்பது மீட்டருக்கு மேல். இடுப்பில் பாதுகாப்புப் பட்டை உண்டு. பக்கவாட்டுக் கயிற்றேணியில் ஏறி, முதல் மேடையை அடைந்தபோது அவனுடைய கைகள் கயிற்றைவிட மறுத்துவிட்டன. கீழே பார்த்தால் தளம், அதற்கப்பால் தண்ணீர். மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பயிற்சி தந்த முதிய மாலுமி ஏறி வந்து, அருகில் நின்றுகொண்டு, ஊர் எது, வீட்டில் யார் யார் என்று கேட்டாராம். திட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை. கால் மணி நேரத்துக்குப் பின் இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். அன்றிரவு விலகிக்கொள்ளலாம் என்றுகூட எண்ணியிருக்கிறான். அம்மா சொன்னது சரிதானோ, ஃபாதர் சொன்னது சரிதானோ என்று நினைத்தானாம்.

“நான் சொன்னது சரியில்லை” என்றேன். குறுக்கிட்டது பிழைதான். அவன் தொடர்ந்தான்.

பிறகு நாள்தோறும் ஏறினான். பயம் போகவில்லை, ஏறும் உயரம் மட்டும் கூடியது. மினிக்காய் செல்லும் வழியில் இரண்டாம் நாள் நள்ளிரவுக் காவல். மழைமேகம் ஒன்று விரைந்து வந்தது. உச்சிப் பாயைச் சுருட்டிக் கட்டும்படி கட்டளை. அவன் குழு ஏறவேண்டும். பாய் தாங்கும் குறுக்குக் கட்டையின் அடியில், கால் வைப்பதற்கென்று ஒரு கயிறு தொங்கும். வயிற்றைக் கட்டையில் அழுத்திக்கொண்டு, அந்தக் கால்கயிற்றில் நின்றுதான் பாயைச் சுருட்டவேண்டும். பத்துப் பேருக்கும் ஒரே கால்கயிறு. புதிதாக ஒருவன் அதில் கால் வைத்தால் அவன் பளுவால் கயிறு இறங்கி, ஏற்கெனவே நிற்பவர்களின் கால் தூக்கிப்போடும். ஆகவே வைப்பதற்கு முன் உரக்கக் குரல் கொடுத்துச் சொல்லவேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து ‘சரி’ என்று பதில் வந்த பிறகே கால் வைக்கவேண்டும். இது வழக்கம் அன்று; விதி.

அன்றிரவு மழையில் அவன் கயிற்றேணியின் முடிவில் நின்றான். குரல் வரவில்லை. தொண்டை வறண்டுவிட்டது. ஏற்கெனவே கட்டையில் நின்றவன் இமாசலப் பிரதேசத்துப் பையன். எழிமலைக்கு வரும்வரை கடலையே பார்க்காதவன். இருட்டிலிருந்து அவன் இந்தியில் சொன்னானாம்: “சொல்லிட்டு வா. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

“சொன்னேன் ஃபாதர். கால் வச்சேன். அவன் கால் கொஞ்சம் மேல வந்துச்சு, என் கால் கொஞ்சம் கீழ போச்சு. அப்புறம் நின்னுச்சு.”

பாயைச் சுருட்டிக் கட்டி இறங்க முக்கால் மணி நேரமாயிற்று. இறங்கியபின் யாரும் கைதட்டவில்லை. சூடாகத் தேநீர் தந்தார்கள். காவல் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

குருமடத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை வரைபடம் வைத்துப் படித்திருக்கிறேன். கைதியாக உரோமைக்குச் செல்லும் பவுல், கிரேத்துத் தீவின் மறைவில் ஒதுங்கிச் செல்லும் கப்பல், 276 பேர், கயிறுகளால் கப்பலைச் சுற்றி வரிந்து கட்டியது, பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு எப்போது விடியும் என்று காத்திருந்தது. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றேன். அந்தக் கயிறுகளை யார் இழுத்தார்கள், எந்த இருட்டில், எத்தனை நடுங்கும் கைகளோடு என்பதை நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. பயணிகளில் ஒருவனாக இருந்துகொண்டு, கப்பலோட்டிகளுக்கு நான் அறிவுரை சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் விடியுமுன் மினிக்காய் தெரிந்தது. தீவு தெரியவில்லை, 1885ஆம் ஆண்டு கட்டப்பட்ட அதன் கலங்கரை விளக்கத்தின் ஒளிதான் முதலில் தெரிந்தது. வெளிச்சம் வந்தபின் கடலிலிருந்தே முளைத்தவைபோல் தென்னை மரங்கள். பவளப் பாறைகளுக்கு அஞ்சிப் பெருங்கப்பல்கள் வெளியிலேயே நிற்கும். சிறு படகில் கரைக்குச் சென்றார்கள். மினிக்காய் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக உலகக் கப்பல்களில் மாலுமிகளாகச் செல்பவர்கள். வீட்டையும் ஊரையும் பெண்களே நடத்துவார்கள். பையன் அங்கே ஒரு மூதாட்டியைச் சந்தித்திருக்கிறான். மொழி புரியவில்லை, உடன் வந்தவர் விளக்கினார். கணவர், இரு மகன்கள், ஒரு பேரன், எல்லாரும் கப்பலில். ‘பயமில்லையா?’ என்று கேட்டானாம். அவர் சிரித்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார் என்றான்.

இதைக் கேட்டதும் அவனுடைய தாய் எழுந்து உள்ளே போனார். அழுகிறார் போலும் என்று எண்ணினேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “அந்தம்மா சிரிச்சாங்கன்னா பயம் இல்லன்னு அர்த்தமில்ல” என்றார். “எனக்குத் தெரியும்மா” என்றான் மகன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் அவர்கள் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டார்கள், என்னையும் அழைத்தார்கள். முதுகுவலி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

தாய்மாமன் இப்போது இயந்திரப் படகுதான் வைத்திருக்கிறார். ஆனால் மருமகனுக்காகக் கொட்டகையின் பரணிலிருந்து பழைய பாயை இறக்கி, சிறிய படகொன்றில் மரம் நாட்டியிருந்தார். மருமகன் கப்பலில் கற்ற பெயர்களைச் சொல்ல, அவர் நம் பெயர்களைச் சொன்னார்: பாய் தாங்கும் கட்டை பருமல், ஏற்றும் கயிறு ஆஞ்சான், பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிப்பது தாமான். “இருபது பாய் கட்டினாலும் இந்த மூணுதான்டா” என்றார். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. பையன் மறுக்கவும் இல்லை.

தந்தை முதலில் ஏறினார். தாய் கரையிலேயே நின்றார். பதினான்கு ஆண்டுகளாக ஏறாதவர். யாரும் வற்புறுத்தவில்லை. அவர் முந்தானையை இறுகச் செருகிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். நானும் அவரருகே நின்றேன். செருப்பைக் கழற்றியிருந்தேன், சேறு கணுக்கால் வரை.

“அம்மா,” என்றேன், “ஒன்று சொல்லவேண்டும். அன்று உங்கள் மகனைப் போகாதே என்று சொன்னது உங்களுக்காக மட்டுமன்று. எனக்குத் தண்ணீர் பயம். முப்பது வருடமாக.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்; கோபப்பட அவருக்கு நியாயமும் இருந்தது. “அதான் திருவிழாவுல உங்களுக்கு முதுகு வலிக்குமா, சாமி?” என்றார்.

படகிலிருந்து மாமன் கை நீட்டினார். “சாமி, சொல்லிட்டுக் கால வைங்க. படகு ஆடும்.”

சொன்னேன். வைத்தேன். படகு என் பக்கம் சாய்ந்து, பிறகு நிலைத்தது. நான் மரத்தைப் பற்றிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தாய் ஏறவில்லை. நாங்கள் திரும்பி வரும்வரை, மதியத்துக் கடற்காற்று எழும் நேரம் வரை, அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.